ஆயிரத்து இருநூறு 'து'

1998 கார்த்திகையில் ஓர் இரவு, புனே கட்கியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில், விடிய விடிய உட்கார்ந்து 'து' எழுதினேன். எதிரே 300 கல்யாணப் பத்திரிகைகள். ஒவ்வொன்றிலும் நாலு இடத்தில் 'து' விழவில்லை. 'நிச்சயித்து' என்பது 'நிச்சயித்' என்று நின்றது. 'நடத்துவதாக' நடுவில் ஓட்டை. 'வந்திருந்து' வால் அறுந்து கிடந்தது. 'வாழ்த்துமாறு' என்ற இடத்திலும் அதே வெள்ளை இடைவெளி. நான் வேலை பார்த்த அச்சகத்தில் படம் வரைகிறவரிடம் ரோட்ரிங் பேனாவை இரவல் வாங்கி வந்திருந்தேன். பிள்ளை காய்ச்சலில் முனகிக்கொண்டு தூங்கியது. நான் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு து போட்டு, மை காய ஊதி, அடுத்ததை எடுத்தேன்.

மறுநாள் வாங்க வந்த கல்யாணப் பெண்ணின் அம்மா ஒரு பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இங்க மட்டும் மை கொஞ்சம் கனமா இருக்கே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டிலிருந்து ஒன்றை உருவித் தனியே பைக்குள் வைத்துக்கொண்டு, "இது என் பொண்ணுக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

தப்பு எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. 256 இருக்கை கொண்ட ஓர் அறை என்று எழுத்துருவை வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில் தமிழ் எழுத்துகளை அவரவர் இஷ்டப்படி உட்கார வைத்தார்கள். ஒரு கம்பெனியின் எழுத்துருவில் 'து' உட்கார்ந்த இருக்கையில் இன்னொன்றில் 'நூ' இருக்கும், வேறொன்றில் ஒன்றுமே இருக்காது. கோப்பில் பதிவாவது எழுத்து அல்ல, இருக்கை எண் மட்டும். நான் தட்டச்சு செய்த கோப்பை, அச்சுக்குப் பிளேட் போடுவதற்கான பட்டர் பேப்பரில் எடுக்க வேறொரு கடைக்கு ஃப்ளாப்பியில் கொடுத்தனுப்பினார்கள். அங்கே அதே பெயரில் பழைய எழுத்துரு. அதில் அந்த இருக்கை காலி. அன்று நான் விடுப்பு. கடை முதலாளிக்கும் பிளேட் போடுகிறவருக்கும் மெஷின்காரருக்கும் மராத்திதான் தெரியும். தமிழில் ஓர் எழுத்து குறைந்ததை அங்கே யார் பார்ப்பார்கள்? யார் மேலும் குற்றமில்லை. படிக்கத் தெரிந்த ஒரு கண் அந்தப் பாதையில் எங்குமே இல்லாமல் போய்விட்டது.

அந்த ராத்திரி முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது கும்பகோணத்தில் இருந்த பெரியப்பாவை. அவர் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

பெரியப்பா பதினாலு வயதில், 1952இல், ஒரு பிரஸ்ஸில் அச்சுக்கோக்கச் சேர்ந்தவர். பிறகு புரூஃப் ரீடர். நான் அவர் வீட்டில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் பிரஸ்ஸுக்குத்தான் போவேன். எழுத்துக் குழிகள் கொண்ட கேஸுக்கு முன்னால் அவர் நின்றபடி, ஒரு கையில் எழுத்து கோக்கும் ஸ்டிக், இன்னொரு கை குழிக்குக் குழி தாவிக்கொண்டிருக்கும். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. ஈய எழுத்தின் தலையைத் தொட்டே இது ன, இது ண என்று சொல்லிவிடுவார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவம் போனது. துதிக்கை போட்ட 'லை'யும் சுழித்த 'னா'வும் ஒரே நாளில் வேலை இல்லாமல் நின்றன. மற்றவர்கள் அவற்றை உருக்கப் போட்டபோது பெரியப்பா ஒரு சிகரெட் டின்னில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எடுத்து வைத்தார். அந்த டின் இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது.

நான் டிடிபி என்ற கணினி அச்சுக்கோப்பைக் கற்றதும் கும்பகோணத்தில்தான். அங்கே ஒரு கடையில் ஸ்ரீலிபி மென்பொருள் இருந்தது. அதைச் செய்தது மாடுலர் இன்ஃபோடெக் என்ற புனே கம்பெனி. புனே என்ற ஊர்ப்பெயரை நான் முதலில் வாசித்தது அந்தப் பெட்டியின் மேல். அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டுப் போவேன் என்று தெரியாது. 1996இல் கல்யாணம். கணவருக்குப் பிம்ப்ரியில் தொழிற்சாலை வேலை. கட்கியில் வீடு. கட்கியில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. படைத்தளத்தையும் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையையும் ஒட்டி வந்து, மூன்று நாலு தலைமுறையாய்க் குடியிருப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் தமிழில் பத்திரிகை வேண்டும். அதனால் நாராயண் பேட்டில் ஒரு மராத்தி அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. லோனாவலா லோக்கலில் ஏறி சிவாஜிநகரில் இறங்கி, முட்டா ஆற்றைக் கடந்து நடந்துபோவேன். கடைக்கு நாலு தெரு தள்ளினால் அப்பா பல்வந்த் சௌக், புத்தகக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். ஊரே காகித வாசனை அடிப்பது போல இருக்கும்.

கடையில் மராத்தி தட்டச்சு செய்தவரை எல்லோரும் தாயி என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்காவுக்கு அதுதான் சொல். என் காதில் அது தாய் என்றே விழுந்தது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சேர்ந்த இரண்டாம் வாரம் அவர் எனக்கு ஒரு வித்தை காட்டினார். அவர் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை பழகியவர். திரையில் மராத்தி எழுத்து இருக்கும்போது ஐந்து விசை தட்டினார். அம்மா என்று தேவநாகரியில் வந்தது. மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, விரலைக் கொஞ்சமும் மாற்றாமல் அதே ஐந்து விசையைத் தட்டினார். அம்மா என்று தமிழில் வந்தது. தாயிக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியாத மொழியில் அவர் கை அம்மா என்று எழுதிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த வித்தை வளர்ந்த இடமும் புனேதான். 1988இல் இங்கே சி-டாக் நிறுவனத்தை அமைத்தார்கள். பரம் 8000 என்ற மீக்கணினியை 1991இல் செய்து முடித்ததற்காகத்தான் அதை நாட்டுக்குத் தெரியும். ஆனால் அதே நிறுவனத்தில் ஜிஸ்ட் என்று ஒரு பிரிவு இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய வேலையை மோகன் தாம்பே முதலானவர்கள் இங்கே தொடர்ந்தார்கள். இந்திய எழுத்துகள் பார்வைக்கு எத்தனை வேறாக இருந்தாலும் க, ச, ட, த, ப என்ற வரிசை ஒன்றுதான் என்பது அந்த வேலையின் அடிப்படை. ஆகவே ககரத்துக்கு எல்லா மொழியிலும் ஒரே குறி, ஒரே விசை. இஸ்கி என்ற அந்தத் தரம் 1991இல் இந்திய தர நிர்ணய அமைப்பின் ஏற்பைப் பெற்றது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இடம் கொடுத்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கு அந்த வரிசையைத்தான் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் தேவநாகரித் தொகுதியில் க எத்தனையாவது இருக்கையோ, தமிழ்த் தொகுதியிலும் அத்தனையாவது இருக்கைதான். தமிழைத் தேவநாகரி அச்சில் வார்த்துவிட்டார்கள் என்ற மனக்குறை நம் அறிஞர்கள் பலருக்கு உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஒரு 'க்' எழுத க என்றும் புள்ளி என்றும் இரண்டு குறி எதற்கு என்று அச்சுக்கோத்தவரிடம் கேட்டால் தெரியும். ஆனாலும், எல்லாக் கணினியிலும் க என்றால் க-தான் என்ற நிலை வந்ததே அதனால்தான். 1,200 து எழுதியவளுக்கு அதன் அருமை தெரியும்.

அந்த நிலை வர எங்களுக்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. அதுவரைக்கும் புரூஃப் தொலைபேசியில்தான். பட்டர் பேப்பரைக் கூரியரில் கும்பகோணம் அனுப்பித் திரும்ப வரவழைக்க ஒரு வாரம் பிடிக்கும், கல்யாண வீட்டுக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார். இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி. கால் கட்டணம். கட்கி பஜாரில் ஒரு பூத்தில் வரிசையில் நின்று பெரியப்பாவை அழைப்பேன். அவர் பக்கத்து வீட்டு போனுக்கு வந்து காத்திருப்பார். நான் வாசிப்பேன், அவர் கேட்பார். காதால் புரூஃப் பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. "நிறுத்து. அருளாசிக்கு எந்த ரு போட்டே?" "சின்ன ரு பெரியப்பா." "சரி. மேலே போ. தாய்மாமன் பேரு விட்டுப்போச்சே, கேட்டியா அவங்ககிட்ட?" மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனதை ஒரு முறை அவர் பிடித்தது, ஒரு கல்யாணத்தில் நடக்கவிருந்த சண்டையை நிறுத்தியது.

1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழக அரசு டாம், டாப் என்று பொதுத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. எங்களுக்கு விடிவு வந்தது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். அதிலும் தமிழ் தானாக வராது. மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, கேட்கிற சி.டி.யைப் போட்டு, மறுபடி தொடங்க வேண்டும். அதைச் செய்யாத கணினியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'பெ' என்பது ப-வுக்கு அப்புறம் கொம்பாக, முகம் திரும்பினது போல இருக்கும்.

2005, 2006 வாக்கில்தான் உலாவிக்குள்ளேயே எழுதலாம் என்ற பேச்சு வந்தது. நம் சென்னையில் அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த கம்பெனி 2005இல் ஸோஹோ ரைட்டரை வெளியிட்டது. பின்னால் கம்பெனியே ஸோஹோ என்று பெயர் மாறியது. அதே 2005இல் அமெரிக்காவில் ரைட்லி என்று ஒன்று வந்தது. கூகுள் அதை 2006 மார்ச்சில் வாங்கி, அக்டோபரில் கணக்குத் தாளையும் சேர்த்து, டாக்ஸ் என்று கொடுத்தது. மென்பொருள் வாங்க வேண்டாம், கணினியின் முதுகில் பூட்டு செருக வேண்டாம். பூட்டு என்றதும் இந்தத் தலைமுறைக்குப் புரியாது. டாங்கிள் என்பார்கள். விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டு. அது தொலைந்தால் தமிழே எழுத முடியாது. எங்கள் முதலாளி அதைக் கழற்றி, பண அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஆகவே ராத்திரியில் தமிழ் அலமாரிக்குள் இருக்கும்.

சிவாஜிநகரில் ஒரு நெட் சென்டரில், ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, டாக்ஸ் பக்கத்தை முதலில் திறந்தேன். 'பெரியப்பா' என்று எழுதினேன். கொம்பு சரியான இடத்தில் நின்றது. பக்கத்துக் கணினிக்குப் போய் அதையே திறந்தேன். அங்கேயும் அதே 'பெரியப்பா', கொம்போடு, ஒற்றோடு. ஃப்ளாப்பி இல்லை, எழுத்துரு கொண்டுபோகவில்லை. நான் இரண்டு கணினிக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தேன். கடைக்காரர் "காய் ஜாலே?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்று. என்ன சொல்வது? 'து' விழுந்துவிட்டது என்று சொன்னால் புரியுமா?

பெரியப்பாவுக்கு 2010இல் அவர் மகன் கணினி வாங்கிக் கொடுத்தான். அண்ணனுக்கு மின்சார வாரியத்தில் வேலை, மாலையில் உட்கார்ந்து பழக்கினான். என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, தமிழ்99 விசைப்பலகை. அதில் க-வை இரண்டு தரம் தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழும். ந-வுக்குப் பின் த தட்டினால் 'ந்த' ஆகும். பெரியப்பா போனில், "புள்ளியை நான் போடலைம்மா. யார் போட்டா?" என்று கேட்டார். ஒவ்வொரு புள்ளி எழுத்தையும் தனித்தனியே கையால் எடுத்து வைத்த மனிதர். தமிழ் இலக்கணம் தெரிந்த யாரோ ஒருவர் அந்த விசைப்பலகைக்குள் இருக்கிறார் என்று கண்டுகொண்டதும் அவருக்கு அதன் மேல் மரியாதை வந்தது. மூன்று மாதத்தில் என்னைவிட வேகமாக அடித்தார்.

அதே 2010இல்தான் கூகுள் டாக்ஸில் ஒருவர் அடிப்பது எழுத்துக்கு எழுத்து மற்றவர் திரையிலும் தெரிகிற வசதி வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி. புனேயில் நல்ல குளிர். ஒரு நினைவு மலருக்கான கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெரியப்பாவுக்கு இணைப்பை அனுப்பியிருந்தேன். திடீரென்று பக்கத்தின் மேல்கோடியில் ஒரு நிறக் கோடு தோன்றியது. அதன் தலையில் அவர் பெயர். கோடு அசையாமல் நின்றது. பிறகு மெல்ல ஒரு வரி இறங்கியது. இன்னொரு வரி. படிக்கிறார். அவர் விரல் வரிக்கு அடியில் ஓடும் விதம் எனக்குத் தெரியும், அதே வேகம். நாலாவது வரியில் நின்றது. 'கருப்பு'க்கு முன்னால் போய் ஒரு கணம் யோசித்தது. தொடவில்லை, தாண்டியது. 'முயற்ச்சி'யில் நின்றது. ச் மறைந்தது. என் கண்ணெதிரே, யாரும் தொடாத என் திரையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்த ஒற்று எடுபட்டது. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் பிரஸ்ஸில் அவர் கேலி என்ற எழுத்துத் தட்டின் மேல் குனிந்திருக்கும்போது பக்கத்தில் பேசாமல் நிற்பேனே, அப்படி இருந்தது. பதினாலு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் அவர் பக்கத்தில் நின்றேன்.

2014இல் திருத்தங்களைப் பரிந்துரையாகப் போடுகிற வழி வந்தது. வெட்டுவது கோடு போட்டுத் தெரியும், சேர்ப்பது வண்ணத்தில் தெரியும். ஏற்பதா தள்ளுவதா என்பது எழுதியவர் கையில். "இது ஓரத்துல குறி போடுறதுதாம்மா. ஸ்டெட்டும் இருக்கு பாரு" என்றார் பெரியப்பா. புரூஃபில் தவறிப்போய் அடித்ததை, அடியில் புள்ளி வைத்து 'இருக்கட்டும்' என்று சொல்கிற குறி ஸ்டெட். திருத்துகிறவர் திருத்துவதோடு நிற்க வேண்டும், முடிவு ஆசிரியருடையது என்ற பிரஸ் ஒழுங்கு அப்படியே திரையிலும் இருந்தது. நேராகத் திருத்த அனுமதி கொடுத்தாலும் அவர் அதற்குப் பிறகு பரிந்துரையாகத்தான் போடுவார்.

அடுத்த வருஷம், 2015 மேயில், பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். புனே ஹிஞ்சவடியில் வேலை பார்த்தவள், உடன் வேலை பார்த்த மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டாள். பத்திரிகை ஒரே அட்டையில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மராத்தி. இணையப் பக்கத்தில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி இரண்டு வீட்டுக்கும் திறந்துவிட்டேன். தமிழ்ப் பக்கத்தைப் பெரியப்பா பார்த்தார். மராத்திப் பக்கத்தைப் பையனின் தாத்தா பார்த்தார். ஆஜோபா என்பார்கள். சதாசிவ் பேட் வீட்டில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவரும் சும்மா விடுகிற ஆள் இல்லை, குறில் நெடிலுக்காக என்னை மூன்று தரம் கூப்பிட்டார்.

தமிழ்ப் பக்கத்தில் 'நிகழும் மங்களகரமான மன்மத வருடம்' என்று தொடங்கினேன். மராத்திப் பக்கத்திலும் ஆஜோபா சாலிவாகன சகம் 1937, மன்மத சம்வத்சரம் என்று போட்டார். இரண்டு ஊரிலும் வருஷத்துக்கு ஒரே பெயர். பெரியப்பா ஓரத்தில் கருத்தாக எழுதினார்: 'அவர்களுக்கும் மன்மதவா?' அதை நான் மராத்தியில் சொன்னதும் ஆஜோபா பதில் எழுதினார். ஒருவருக்கொருவர் மொழி தெரியாத இரண்டு கிழவர்கள், நடுவில் நான், அந்த ஓரத்தில் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள்.

பெண்ணின் பெயர் 'விழி' என்று முடியும். ஆஜோபா மராத்தியில் ள போட்டு எழுதினார். மராத்திக்கு ள உண்டு, ழ கிடையாது. பெரியப்பா அன்று இரவே கருத்துப் போட்டார்: 'ழ வேண்டும். இது என் பேத்தியின் கண்.' எனக்குத் திகைப்பாக இருந்தது. இல்லாத எழுத்தை எங்கே போய்த் தேடுவது? தாயியை அழைத்தேன். அவர் அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார், கோத்ருட்டில் மகன் வீட்டில் இருந்தார். "இருக்கு. ள-வுக்கு அடியில ஒரு புள்ளி. உங்க எழுத்துக்காகவே தேவநாகரியில வெச்சிருக்காங்க" என்றார். தேடினேன். இருந்தது. யூனிகோடு தேவநாகரித் தொகுதியில், தென்மொழி ழகரத்தை எழுதுவதற்கென்றே ஓர் இருக்கை. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஆஜோபாவின் கோடு அந்த எழுத்தின் பக்கத்தில் வந்து வெகுநேரம் நின்றது. பிறகு கருத்தில் கேட்டார்: 'இதை எப்படி உச்சரிப்பது?' நாக்கை எங்கே மடிப்பது என்று பெரியப்பா நாலு வரி எழுதினார், நான் மொழிபெயர்த்தேன். கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் ஆஜோபா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேத்தியின் பெயரைச் சொல்லிக் காட்டினார். முழுதாக வரவில்லை. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்திரிகை எழுதிய அந்த இணையப் பக்கம் இன்னும் இருக்கிறது. வரலாற்றைத் திறந்தால் எந்த நாள் யார் எதை மாற்றினார் என்பது வரிசையாக நிற்கிறது. ஆனால் நான் அதையே நம்பி இருப்பதில்லை. யாரோ ஒருவரின் கணினியில் வாடகையில்லாமல் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் போக வேண்டும். நான்கைந்து பேர் ஒரே பக்கத்தில் எழுத வழி செய்த ஈதர்பேட் என்ற தளத்தை 2009இல் கூகுள் வாங்கியதும் மூடப்போவதாக அறிவித்தார்கள். பயன்படுத்தியவர்கள் குரல் எழுப்பிய பிறகு அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், அதனால் அது இன்றும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிப் பென்டிரைவில் வைப்பேன், முக்கியமானதைத் தாளிலும் எடுப்பேன். தமிழ் ஒரு முறை அலமாரிக்குள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. மகாராஷ்டிரத்தில் முதல் தொற்று கண்டதே புனேயில்தான், எங்கள் ஊர் மற்ற ஊர்களுக்கு முன்பே ஒடுங்கியது. கல்யாணம் இல்லை, பத்திரிகை இல்லை. பெரியப்பாவுக்கு 82 வயது. வெளியே போகக் கூடாது, திருத்த ஒன்றும் இல்லை, அதுதான் அவருக்கு ஆகவில்லை. அப்போதுதான் அண்ணன் அவரைத் தமிழ் விக்கிமூலத்தில் சேர்த்துவிட்டான். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த நாட்டுடைமை நூல்கள் 2,000-க்கும் மேலே அங்கே படங்களாக இருக்கின்றன. இடது பக்கம் கணினி படித்துக் கொடுத்த எழுத்து, வலது பக்கம் பழைய புத்தகத்தின் படம். கணினி எங்கெங்கே தப்பாகப் படித்ததோ அதை ஆள் திருத்த வேண்டும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள். இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்தால்தான் பச்சை. முதல் ஆளே பச்சை ஆக்க முடியாது.

கேட்டதும் பெரியப்பா, "ரெண்டு கண்ணு வேணும்கிறது எந்த பிரஸ்லயும் உள்ளதுதானே" என்றார். எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னார்.

பழைய புத்தகங்களில் துதிக்கை 'லை'யும் சுழித்த 'னா'வும் வருகிற இடமெல்லாம் கணினி தடுமாறும். துணைக்காலையும் ர-வையும் குழப்பும். பெரியப்பா தடுமாற மாட்டார். அந்த எழுத்துகளை அவர் கையால் கோத்திருக்கிறார். சில பக்கங்களைப் பார்த்துவிட்டு, எழுத்தின் தேய்மானத்தைக் கொண்டே, "இது பழைய வார்ப்பு, பலமுறை ஓடின எழுத்து" என்பார். காலையில் எழுந்து அவர் பத்துப் பக்கத்தை மஞ்சள் ஆக்குவார். ராத்திரி சமையல் வேலை முடித்து நான் அவற்றைப் பச்சை ஆக்குவேன். ஐந்து வருஷமாக இப்படித்தான் போகிறது. முதல் நாலு வருஷம் அவர் முடித்த பக்கத்தில் எனக்குத் திருத்த ஒன்றுமே இருந்ததில்லை. வெறுமனே படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துவேன்.

போன மாசி மாதம் ஒரு பக்கத்தில் 'கணகள்' என்று இருந்தது. வலது பக்கப் படத்தில் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. பெரியப்பா விட்டிருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு 87. வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புள்ளியை வைத்தேன். சேமித்தேன். பக்கம் பச்சை ஆனது.

வரலாற்றில் அது என் பெயரோடு நிற்கும், அவர் தினமும் அதைப் பார்ப்பார். காலையில் ஏழு மணிக்கே போன் வந்தது.

"புள்ளியை நீதான் போட்டியா?"

"ஆமா பெரியப்பா."

"விட்டுட்டேன்மா." சற்று நேரம் பேசவில்லை. பின்னால் கும்பகோணத்தில் பால்காரர் மணி கேட்டது. "அடுத்த பத்து போட்டிருக்கேன். நல்லாப் பாரு."